பேரிடரில் எடுத்த பி.எஃப். பணம்: வரி உண்டா?

2020 மார்ச் ஊரடங்கில் ராஜபாளையம் நூற்பாலைகள் நின்றன. ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து ஷிஃப்டுக்கு வந்தவர்களும் வீட்டில் முடங்கினர். அம்மாதம் 28-இல் பி.எஃப். திட்டம் திருத்தப்பட்டது: இருப்பில் 75 சதவீதம், அல்லது மூன்று மாத அடிப்படைச் சம்பளமும் அகவிலைப்படியும், இதில் எது குறைவோ அதை எடுக்கலாம் என்றானது. 2024-இல் இச்சலுகை நிறுத்தப்பட்டது.

இருப்பு 40,000 ரூபாய், மாதம் 12,000 என்றால் கிடைத்தது 30,000. செல்போனிலேயே படிவம் 31-ஐ நிரப்பி, பெருந்தொற்று என்ற காரணத்தைத் தேர்ந்தால் போதுமாக இருந்தது. திருப்பிக் கட்ட வேண்டியதில்லை.

வரியும் இல்லை. பலர் குழம்புவது இங்கேதான். வரிக்கணக்கு மென்பொருளில் இதைச் சம்பளத்தோடு கூட்டிவிடக் கூடாது. கூட்டினால் வரி வீணாக ஏறும்.

ஐந்தாண்டு சர்வீஸ் முடியுமுன் வேலையை விட்டுக் கணக்கையே முடிப்பது வேறு. அதற்குப் பொதுவாக வரி உண்டு.

கணக்குத் தாக்கல் செய்யுமுன் வரிப்பிடித்தத்தைக் காட்டும் 26ஏஎஸ் படிவத்தை ஒருமுறை பாருங்கள்.