சுழி ஓய்வது எவ்வாறு?

தேநீரிற் சீனியிட்டுக் கலக்கியபின் கரண்டியை எடுத்துவிட்டுச் சற்றே பாருங்கள். கோப்பைக்குள் ஒரு சுழி சில வினாடிகள் சுற்றுகின்றது, பின்னர் ஓய்ந்துவிடுகின்றது. அதனை ஓயச்செய்வது திரவத்தினுள்ளே ஒரு படை மறுபடையோடு உராயும் தன்மையாகும். பௌதிகவியலார் இதனைப் பிசுக்குமை என்பர். சுழியின் சக்தி இவ்வுராய்வினாற் சிறு வெப்பமாகி மறைகின்றது.

அவ்வாறாயின், உராய்வே அற்ற திரவத்திற் பிறந்த சுழி என்றுமே ஓயாதல்லவா?

இவ்வாறு எண்ணியவருள் ஒருவர் கிளாஸ்கோ பல்கலைக்கழகப் பேராசிரியர் வில்லியம் தொம்சன். பின்னாளிற் கெல்வின் பிரபு எனப் புகழ்பெற்றவர். நண்பர் பீற்றர் ரெய்ற் உண்டாக்கிக் காட்டிய புகைவளையங்கள் ஒன்றோடொன்று மோதியும் குலையாது, அதிர்ந்தபடி விலகிச் செல்வதை அவர் கண்டார். உராய்வற்ற 'ஈதர்' என்னும் ஊடகத்தில் அழியாது சுழலும் வளையங்களே அணுக்கள் என 1867இல் எழுதினார். அத்தகைய சுழியின் உடல்வழியே அலைகள் ஓடும் விதத்தையும் 1880இற் கணித்தார். ஈதர் இல்லை என்பது பின்னர் தெளிவாகவே, அவரது அணுக்கொள்கையும் மறைந்தது. கணிதம் மட்டும் எஞ்சியது.

உராய்வற்ற திரவம் 1938இல் வெளிப்பட்டது. திரவ ஹீலியத்தை 2.17 கெல்வினுக்குக் கீழே, அதாவது ஏறத்தாழ மறை 271 பாகை சதமத்துக்குக் குளிர்வித்தபோது அதன் பிசுக்குமை மறைந்துபோவதை மொஸ்கோவிற் கப்பிற்சாவும், கேம்பிறிட்ஜில் அலனும் மிஸ்னரும் தனித்தனியே கண்டனர். இரு கட்டுரைகளும் 'நேச்சர்' சஞ்சிகையின் ஒரே இதழில் வெளிவந்தன.

இம்மீபாய்மத்திற் சுழற்சி காசுபோல் எண்ணத்தக்கது என்றார் ஒன்சாகர், 1949இல். ஒன்று உண்டு, இரண்டு உண்டு, அரை இல்லை. ஆகவே தேநீர்ச் சுழிபோல் அது படிப்படியாகத் தளர்தல் இயலாது. ஒவ்வொரு சுழியும் ஒரு மெல்லிய இழை. அதன் நடுத்தண்டின் பருமன் ஒரு மில்லிமீற்றரின் கோடியில் ஒரு பங்களவே. இவ்விழைகள் நூற்சிக்கல்போற் பின்னிக்கிடப்பதே இங்கு கொந்தளிப்பு என 1955இல் விளக்கினார் பெயின்மன்.

இச்சிக்கலை அளக்க வழிகண்டவர் கேம்பிறிட்ஜைச் சேர்ந்த வைனன். மீபாய்மத்தில் வெப்பம் ஒலியைப்போல அலையாகவே செல்லும். சுழிச்சிக்கலினூடே செல்லும்போது அவ்வலை நலியும். எவ்வளவு நலிந்தது என அளந்தால் இழைகளின் நெருக்கம் தெரிந்துவிடும். 1957இல் அவர் வெளியிட்ட ஆய்வுகள், வெப்பவோட்டத்தை நிறுத்தியதும் சிக்கல் குறைந்துசெல்வதைக் காட்டின.

அவ்வெப்பநிலையில் ஹீலியத்தின் ஒரு பகுதி சாதாரண திரவமாகவே எஞ்சியிருப்பதால், அதனோடு உராய்ந்து சுழிகள் சக்தியிழக்கலாம். ஆனால், ஒரு கெல்வினுக்கு மிகக்கீழே அப்பகுதி இல்லையென்றே சொல்லலாம். அங்கும் சிக்கல் தணியத்தான் செய்கின்றது! அந்தச் சக்தி எங்கே போகின்றது?

இரண்டு இழைகள் எதிர்ப்படும் இடத்தில் அறுந்து, நுனி மாறிப் பொருந்துகின்றன. பொருந்திய இடம் கூராக வளைந்திருக்கும். மீட்டிய வீணைத் தந்தியில்போல அவ்வளைவிலிருந்து அலைகள் இழைவழியே இருபுறமும் ஓடுகின்றன. இவை கெல்வின் கணித்த அலைகளே. அலையோடு அலை கலந்து மேலும் நுண்ணிய அலைகளாகி, ஈற்றில் ஒலியாக வெளிப்பட்டுத் திரவமெங்கும் பரவிவிடுகின்றன என்பது ஆய்வாளர் தரும் விளக்கம்.

2014இல் அமெரிக்காவின் மேரிலாந்துப் பல்கலைக்கழக ஆய்வுக்குழு உறைந்த வாயுவின் நுண்துகள்களைச் சுழியிழைகளிற் பற்றச்செய்து, பொருந்திய இழைகளில் இவ்வலைகள் ஓடுவதைப் படம்பிடித்து வெளியிட்டது. கணிதம் எழுதப்பட்டு 134 ஆண்டுகளின் பின், அது குறித்த அலைகள் கண்ணுக்குத் தெரிந்தன.

கெல்வின் தேடிய அணு அங்கு இல்லை. ஆனால் அவர் நினைத்துப் பார்த்த சுழி இருக்கின்றது. அது உராய்ந்து தேய்வதில்லை, நேயர்களே. அதிர்ந்து அதிர்ந்து, ஒலியாகி ஓய்கின்றது.