காத் இசையின் முப்பாட்டன் ஒரு மைக் செட்காரர்

செங்கோட்டைப் பக்கம் கொடை விழாக்களுக்கு மைக் செட் போடுகிறவன் நான். கணியான் கூத்து என்றால் மிக்சரைவிட்டு நகர மாட்டேன். அதில் கொட்டும் மகுடம் என்ற தோல் கருவியை நெருப்பில் காட்டித் தோலை முறுக்கேற்றுவார்கள். உச்சம் ஒன்று, மந்தம் ஒன்று. தலைமைப் பாடகரான அண்ணாவி சுடலைமாடன் கதை பாடும்போது எக்கோவைக் கொஞ்சம் திருகிவிட்டால், முன்னால் உட்கார்ந்த பிள்ளைகளெல்லாம் அம்மா மடிக்கு ஓடிவிடும்.

இந்தக் காதோடுதான் ‘பெலா லுகோசிஸ் டெட்’ (பெலா லுகோசி செத்துவிட்டார்) என்ற பாட்டைக் கேட்டேன். இங்கிலாந்தின் நார்தாம்ப்டனைச் சேர்ந்த பவுஹாஸ் குழு 1979-ல் வெளியிட்டது. லுகோசி, 1931-ல் டிராகுலாவாக நடித்தவர். கறுப்பு உடை, கண்மை, வெளிறிய முகம் என்று திரியும் ‘காத்’ கூட்டத்துக்குப் பிள்ளையார் சுழி இந்தப் பாட்டுதான் என்பார்கள். ஒன்பது நிமிடத்துக்கு மேல் ஓடுகிறது. பாடகர் பீட்டர் மர்பி வாய் திறப்பதற்குள் மூன்று நிமிடம் நெருங்கிவிடும். அதுவரை, படியிறங்குவது போல ஒரு பேஸ் கிட்டார், பிரேசிலின் போசா நோவா இசைச் சாயலில் குச்சித் தாளம், அதன் வாலைப் பிடித்து ஓடும் எதிரொலி. கிட்டார் மெட்டு வாசிப்பதில்லை, கீறுகிறது. பாக்சில் போட்டுப் பார்த்தபோது பந்தல்காரர் கேட்டார்: “ஏ தம்பி, பாட்டு போடுதேன்னுட்டு வெறும் கொட்டுல்லா போட்டுக்கிட்டு இருக்கே?”

பவுஹாஸ்காரர்கள் பங்க் இசையின் பிள்ளைகள். பங்க் என்றால் வேகமும் கத்தலும். பின்னால் வந்தவர்கள் அதை நிதானமாக்கினார்கள். ஜாய் டிவிஷன் குழுவில் பீட்டர் ஹுக்கின் பேஸே மெட்டைச் சுமந்தது. சூசி அண்ட் தி பன்ஷீஸ் குழுவில் பட்ஜி டாம் டிரம்களை உருட்டினார். லீட்ஸ் நகரத்து சிஸ்டர்ஸ் ஆஃப் மெர்சி, டிரம்மருக்குப் பதில் ஒரு மெஷினை வைத்து ‘டாக்டர் அவலாஞ்ச்’ என்று பெயரும் சூட்டியது. 1982-ல் லண்டன் சோஹோவில் பேட்கேவ் கிளப் திறந்ததும் கூட்டம் ஓரிடத்தில் சேர்ந்தது.

சரி, பவுஹாஸ் பாட்டில் கேட்ட அந்த எதிரொலி? அது ஜமைக்காச் சரக்கு. கிங்ஸ்டனில் கிங் டப்பி என்றொருவர். ரேடியோ, ஆம்ப்ளிபயர் ரிப்பேர் பார்த்தவர், ஆட்டக் கூட்டங்களுக்குச் சொந்த சவுண்ட் சிஸ்டம் ஓட்டியவர். அதாவது நம்ம ஆள்! 1970-களில், பதிவான பாட்டில் குரலை உருவிவிட்டு, பேஸையும் டிரம்மையும் முன்னே தள்ளி, நடுநடுவே எக்கோவை வீசினார். அதுதான் டப். குடியேறிய ஜமைக்காக்காரர்களோடு இங்கிலாந்துக்குப் போனது. பங்க் பையன்கள் காதிலும் விழுந்தது, பவுஹாஸ்காரர்கள் காதிலும் விழுந்தது. வெயிலூரில் ஆடுவதற்காகச் செய்த வித்தை குளிரூரில் சாவுப் பாட்டானது.

மகுடத்துக்கும் காத் இசைக்கும் சொந்தம் இருக்கிறது என்று கதை கட்ட மாட்டேன். ‘பெலா லுகோசிஸ் டெட்’ கேட்டுப் பார்ப்பதானால் செல்போன் ஸ்பீக்கரில் வேண்டாம். பேஸ் வராது, அது வராவிட்டால் இந்தப் பாட்டில் ஒன்றுமே இல்லை.