பீப்பாய் மகளான கதை

டீ நல்ல சூடாக இருக்கிறது. ஆறுவதற்குள் ஒரு மீனின் பெயர் மாறிய கதையைச் சொல்லிவிடுகிறேன்.

குஜராத்தின் சௌராஷ்டிரக் கரையில் வேராவல் என்றொரு பெரிய மீன்பிடித் துறைமுகம். 1990-களில் அங்குள்ள மீனவர்கள் திமிங்கலச் சுறாவைப் ‘பேரல்’ என்றார்கள். பேரல் என்றால் பீப்பாய். பெரிய கொக்கியோடு சேர்த்துக் கயிற்றில் பீப்பாய்களைக் கட்டி விடுவார்கள். கொக்கி தைத்த மீன் ஆழத்துக்குப் போகப் பார்க்கும். பீப்பாய்கள் விடாமல் மேலே இழுக்கும். சோர்ந்து மிதக்கும்போது கரைக்கு இழுத்து வருவார்கள். ஈரல் எண்ணெயை மரப்படகுக்குப் பூசினால் தண்ணீர் இறங்காது. இறைச்சிக்கு வெளிநாட்டில் நல்ல விலை. கொல்லும் கருவியே மீனுக்குப் பெயராகிவிட்டது.

அது எப்பேர்ப்பட்ட மீன் தெரியுமா? இன்றைக்கு உலகில் உள்ள மீன்களிலேயே பெரியது. 12 மீட்டரையும் தாண்டி வளரும். சுறாதான், ஆனால் மனிதரை வேட்டையாடாது. வாயை அகலத் திறந்து நீந்தி, நீரை வடிகட்டி, மிதவை உயிரிகளையும் பொடி மீன்களையும் உண்ணும். முட்டைகள் தாயின் வயிற்றுக்குள்ளேயே பொரியும். வெளியே வருவது குட்டிதான். 1995-இல் தைவானில் பிடிபட்ட ஒரு தாயின் வயிற்றில் ஏறக்குறைய 300 குட்டிகள் இருந்ததைக் கண்ட பிறகே இது உறுதியானது. ஆனால், குட்டி வளர்ந்து தாயாகப் பல பத்தாண்டுகள் பிடிக்கும். அதனால்தான் ஒவ்வொரு தாயின் சாவும் பேரிழப்பு.

மைக் பாண்டேயின் ‘ஷோர்ஸ் ஆஃப் சைலன்ஸ்’ ஆவணப்படம் இந்த வேட்டையை உலகுக்குக் காட்டியது. 2001-இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இந்த மீன் சேர்ந்தது. புலிக்கு உள்ள அதே பாதுகாப்பு. ஆனால் நடுக்கடலில், வலைக்குப் பக்கத்தில், சட்டப் புத்தகம் யார் கையிலும் இருப்பதில்லை.

2004-இல் இந்திய வனவிலங்கு அறக்கட்டளையும் குஜராத் வனத்துறையும் மற்றவர்களும் சேர்ந்து ஒரு இயக்கம் தொடங்கினார்கள். அதற்குக் குரல் கொடுத்தவர் ராமகதை சொல்லும் மொராரி பாபு. நம் ஊரைப் போலவே அங்கும் பிள்ளைப்பேற்றுக்குப் பெண் தாய்வீடு வருவாள். இந்தச் சுறாவும் அப்படி நம் கரைக்கு வருகிற மகள்தான் என்றார் அவர். மீனுக்கு ‘வ்ஹாலி’ என்று புதுப்பெயர் வந்தது. செல்லமானவள் என்று பொருள். ஆளுயரத்தைப் பல மடங்கு தாண்டிய காற்றடைத்த சுறா ஒன்று ஊர் ஊராகப் போனது, தெருநாடகங்கள் நடந்தன.

இந்தக் கதை ஏன் பலித்தது? உயிரியல் சொல்லும் செய்திகள் ஒவ்வொன்றும் மகள் என்ற ஒரே சொல்லில் போய் உட்கார்ந்துகொண்டன. குட்டி ஈனுகிறவள், பருவம் தவறாமல் வருகிறவள், யாருக்கும் தீங்கு செய்யாதவள். கேட்டவர் எதையும் மனப்பாடம் செய்ய வேண்டியிருக்கவில்லை. கூடவே, சுறாவை விடுவிக்க அறுத்த வலைக்கு அரசு இழப்பீடும் தந்தது. வயிற்றுப்பாட்டை மறந்த கதையாக இருந்தால் கரையில் எடுபட்டிருக்காது.

ஒன்றை மறைக்கக் கூடாது. திமிங்கலச் சுறா கடலில் குட்டி ஈனுவதை அறிவியலாளர் எவரும் நேரில் பார்த்துப் பதிவு செய்ததில்லை. ஆகவே, தாய்வீடு என்பது உவமைதான், நிரூபணம் அல்ல. கேட்பவரிடம் அதைச் சொல்லிவிடுவதே கதைசொல்லிக்கு அழகு. உவமையை உண்மை என்று விற்றால், பின்னால் உண்மையைச் சொல்லும்போது நம்ப ஆளிருக்காது.

இதுவரை நூற்றுக்கணக்கான சுறாக்களை மீனவர்கள் வலையறுத்து விட்டிருக்கிறார்கள். விடுவிப்பதைப் பதிவு செய்ய அவர்களிடமே கேமரா கொடுக்கப்பட்டது. அந்த மீனின் முதுகுப் புள்ளிகள் நம் கைரேகை மாதிரி, ஒன்றுக்கு இருப்பது இன்னொன்றுக்கு இராது. நல்ல படம் ஒன்று கிடைத்தால் அது எந்த மீன் என்று அடையாளம் காணலாம். கதை கேட்டவர்கள்தான் இன்று அறிவியலுக்குச் செய்தி சொல்கிறார்கள். மகள் வந்து போனாள் என்று.