பள்ளி விடும் நேரமும் வேலை விடும் நேரமும்



அந்தக் காலத்தில் தோட்டத்து வேலைக்குப் போன நம் பெண்கள் பிள்ளையை ஆயாக்கொட்டகையில் விட்டுப் போனார்கள். இன்று சிங்கப்பூரில் தேக்காவிலும் சிராங்கூன் சாலைக் கடைகளிலும் வேலை செய்பவர்களுக்கு அந்த இடத்தில் பாலர் பராமரிப்பு நிலையம் இருக்கிறது. முழுநாள் நிலையங்கள் பெரும்பாலும் காலை 7 முதல் மாலை 7 வரை. ஆறு வயதுவரை எப்படியோ ஓட்டிவிடலாம்.

ஏழாவது வயதில்தான் சங்கடம். ஜனவரியில் பிள்ளை தொடக்கநிலை 1-க்குப் போகிறது. காலை ஏழரை மணிவாக்கில் தொடங்கும் பள்ளி, மதியம் ஒன்றரை மணிவாக்கில் விட்டுவிடும். வேலை விடுமா? லீவும் குறைகிறது. சிங்கப்பூர்க் குடிமகனான கடைசிப் பிள்ளைக்கு 7 வயதாகும்வரை பெற்றோருக்கு ஆண்டுக்கு 6 நாள் பிள்ளைப் பராமரிப்பு விடுப்பு உண்டு. 7 முதல் 12 வயதுவரை 2 நாள்தான்.

"வளர்ந்த பிள்ளைதானே" என்று விட்டுவிடாதீர்கள். இந்த இடைவெளியில் முதலில் கெடுவது சாப்பாடும் தூக்கமும்தான். இந்த வயதுப் பிள்ளைக்கு ஒரு நாளைக்கு 9 முதல் 12 மணி நேரத் தூக்கம் வேண்டும். காலை 6 மணிக்கு எழ வேண்டுமானால் இரவு 9 மணிக்குள் தூங்கியாக வேண்டும். கடை அடைத்துவிட்டு அம்மா வீடு வந்து சேர மணி பத்தரை. "அம்மா வரட்டும்" என்று பிள்ளை கண்ணைக் கசக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கும். பாசம்தான். ஆனால் மறுநாள் வகுப்பில் எரிச்சலும் கவனக்குறைவும் வருமே!

என்ன செய்யலாம்?

ஒன்று: அம்மாவுக்கு இரவு ஷிப்டு என்றால் அப்பா பிள்ளையைத் தூங்கவைக்கட்டும். அம்மாவோடு பேசும் நேரத்தைக் காலைப் பசியாறலுக்கு மாற்றுங்கள்.

இரண்டு: பள்ளியிலேயே மாணவர் பராமரிப்பு நிலையம் இருக்கிறதா என்று பள்ளியில் சேர்க்கும்போதே கேளுங்கள். மதியச் சாப்பாடு, வீட்டுப்பாடம் இரண்டையும் அங்கே கவனிப்பார்கள். வருமானம் குறைந்த குடும்பங்களுக்குச் சமுதாய, குடும்ப மேம்பாட்டு அமைச்சின் கட்டண உதவி உண்டு. நிலையத்தில் விசாரியுங்கள்.

மூன்று: அந்த 2 நாள் விடுப்பு தகப்பனுக்கும் உண்டு. பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் தாய் மட்டும்தான் லீவு போட வேண்டுமா என்ன?

நான்கு: ஷிப்டை மாற்றித் தரும்படி முதலாளியிடம் எழுத்தில் கேளுங்கள். 2024 டிசம்பர் 1 முதல் நடப்பில் உள்ள முத்தரப்பு வழிகாட்டியின்படி, தகுதிகாண் காலம் முடித்த ஊழியர் முறையாகக் கேட்டால் முதலாளி 2 மாதத்துக்குள் எழுத்தில் பதில் தர வேண்டும். தொழில் காரணம் காட்டி மறுக்கலாம். ஆனால் பதிலே சொல்லாமல் இருக்கக் கூடாது. ஜனவரிக்குள் பதில் வேண்டுமானால் அக்டோபரிலேயே கடிதம் கொடுத்துவிடுங்கள்.

சீருடையும் புத்தகப்பையும் டிசம்பரில் வாங்கிக்கொள்ளலாம். இந்தக் காரியங்களை அதுவரை தள்ளிப்போடாதீர்கள்.