பாறைக்கும் தையல் உண்டு!

ஆரணிக்குப் பக்கத்தில் இருக்கும் தேவிகாபுரத்தில், பட்டுத்தறி நெய்யும் ஒரு பெரியவர் வீட்டில் பேசிக்கொண்டிருந்தேன். "நர்மதைக் கரையில் பூமியைக் குடைந்து, உள்ளேயே மின்சார நிலையம் கட்டியிருக்கிறார்கள், ஐயா" என்றேன்.

தறி நின்றது. "மேலே இருக்கிற பாறை விழாதா, தம்பி? எங்கள் பெரியப்பா கோலார் தங்கச் சுரங்கத்தில் இருந்தவர். பாறை வெடித்துச் செத்தவர்களைப் பற்றிச் சொல்லிச் சொல்லி அழுவார்" என்றார்.

நியாயமான கவலைதான். வட ஆற்காட்டிலிருந்து கோலாருக்குப் பிழைக்கப் போன குடும்பங்கள் எத்தனையோ! மூன்று கிலோமீட்டருக்கும் கீழே போன அந்தச் சுரங்கம் 2001-ல் மூடப்பட்டது. அங்கே ஆழத்தின் அழுத்தமே பாறையை வெடிக்க வைத்தது. நர்மதையில் வந்த தொல்லை வேறு.

சர்தார் சரோவர் அணையின் அந்த நிலத்தடிக் கூடம் சுமார் 23 மீட்டர் அகலம், 57 மீட்டர் உயரம். தஞ்சைப் பெரிய கோயில் விமானத்துக்குச் சற்றே குறைவு! பாறையோ ஒரே கட்டியல்ல. பழங்காலத்து எரிமலைக் குழம்பு படலம் படலமாக ஓடி உறைந்தது. இடையிடையே நொய்ந்த பட்டைகளும் உண்டு. அடியில் குடைந்து பிடிமானத்தை எடுத்துவிட்டால், ஒரு படலம் மற்றொன்றின் மேல் வழுக்கும்; தனித்தனியே தொய்யும்; பிறகு உரிந்து விழும்.

இதை எப்படிச் சமாளிப்பது? தறியின் ஜக்கார்டு அட்டைகள் சிலவற்றை அடுக்கி, இரண்டு செங்கல்களின் மேல் பாலம் போல் வைத்தேன். நடுவில் விரலால் அழுத்தினேன், வளைந்தது. "இதையே கோணூசியால் குத்தி, நூல் போட்டு இறுக்கித் தைத்தால்?" என்று கேட்டேன்.

"பலகை மாதிரி ஆகிவிடுமே!" என்றார் பெரியவர்.

பொறியாளர்கள் செய்வதும் அதுதான். பாறையில் துளையிட்டு, இரும்புத் தண்டைச் செருகி, சிமெண்டுக் குழம்பால் நிரப்பி, முனையில் தகடு வைத்து முடுக்குகிறார்கள். மேலே சிமெண்டுக் கலவையைப் பீய்ச்சி அடிக்கிறார்கள். அப்போது படலங்கள் ஒன்றுசேர்ந்து, பாறையே தன் பாரத்தைத் தாங்குகிறது.

இவ்வளவு செய்தும் நர்மதைக் கூடத்தின் சுவரில் விரிசல்கள் கண்டன. உடனே கருவிகள் வைத்து, சுவர் எவ்வளவு நகர்கிறது என்று அளந்தார்கள். நீண்ட எஃகுக் கம்பிவடங்களைப் பாறைக்குள் ஆழமாகச் செலுத்தி இறுக்கினார்கள். இன்று அங்கே 200 மெகாவாட் இயந்திரங்கள் ஆறு இருக்கின்றன.

பெரியவர் மறுபடி தறியில் உட்கார்ந்தார்.

"இழை அறுந்ததும் தறியை நிறுத்திவிட வேண்டும், தம்பி. அப்புறம் பார்க்கலாம் என்று விட்டால் புடவையே போச்சு. அங்கேயும் அதே சங்கதிதான் போலிருக்கிறது!" என்றார்.