பைலகுப்பையின் மக்காச்சோளக் கொல்லைகள்

மைசூரிலிருந்து மடிக்கேரிக்குச் செல்லும் நம் அன்பர்கள் வழியில் பைலகுப்பையில் இறங்கி, திபெத்தியரின் தங்கக் கோயிலைக் கண்டு மகிழ்கின்றனர். கோயிலுக்கு அப்பால் விரிந்து கிடக்கும் மக்காச்சோளக் கொல்லைகளை நின்று நோக்குவோர் சிலரே. ஊர் விட்டு ஊர் வந்து வாழும் நாம் அறிந்துகொள்ளத்தக்க வரலாறு ஒன்று அக்கொல்லைகளுக்கு உண்டு.

1959-ஆம் ஆண்டில் தலாய் லாமாவைத் தொடர்ந்து பல்லாயிரம் திபெத்தியர் இந்தியாவில் தஞ்சம் புகுந்தனர். அவர்களுள் பலர் இமயச் சாரலில் சாலை போடும் வேலையில் உழன்றனர். அவர்கள் ஓரிடத்தில் நிலைத்து வாழவேண்டி, அன்றைய மைசூர் அரசு 1960-இல் பைலகுப்பையில் ஏறத்தாழ 3,000 ஏக்கர் நிலம் அளித்தது.

நிலம் என்றதும் நம் ஊர்க் கழனியை எண்ணிவிடலாகாது. அது காடு. மரங்களை வெட்டி, வேர் பறித்து, எரித்துத் திருத்த வேண்டியிருந்தது. குளிர்ந்த பீடபூமியில் வாற்கோதுமை விளைத்தும் கால்நடை மேய்த்தும் பழகியவர்களுக்கு இங்குள்ள வெயிலே முதற்பகை; நோய் அடுத்தது. பயிர் தலையெடுத்ததும் யானைகள் வந்தன. காவிரி அருகில் ஓடியும் அவர்கள் நிலம் வானம் பார்த்த பூமியே! மக்காச்சோளம்தான் கைகொடுத்தது.

தலைக்கு ஏறக்குறைய ஓர் ஏக்கர் என்பது கணக்கு. ஓர் ஏக்கர் உடையவன் தனியே டிராக்டர் வாங்க இயலுமா? அறுவடை நாளில் வணிகன் சொல்லும் விலைக்கு இணங்காமல் நிற்கத்தான் இயலுமா? இவ்விடத்தில்தான் குடியேற்றத்தின் கூட்டுறவுச் சங்கம் துணை நின்றது. டிராக்டர் உழவு, விதை, உரம், விற்பனை ஆகியவற்றைச் சங்கமே பொறுப்பேற்று நடத்தியது. திபெத்தியர் குடியமர்வுக்கு உதவவென்றே 1968-இல் மைராடா என்னும் நிறுவனமும் தோன்றியது.

ஆயினும் ஒருபோக மானாவாரி விளைச்சல் குடும்பத்தைக் காக்கப் போதவில்லை. குளிர்காலத்தில் நம் நகரத் தெருக்களில் கம்பளிச் சட்டை விற்கும் திபெத்தியரைக் காண்கிறோம் அல்லவா? அவர்களுள் பலர் அறுவடை முடித்து வந்த உழவர்களே. இதைக் கொண்டு வேளாண்மை தோற்றது என்பாருக்கு நான் உடன்படேன். சோளம் அவர்களைச் செல்வராக்கவில்லை என்பது மெய். எனினும், பள்ளியும் மடமும் எழுப்பிச் சேர்ந்து வாழ ஓர் ஊரை அவர்களுக்குத் தந்தது அந்த நிலமே.

அந்நிலத்தை விற்கும் உரிமை அவர்களுக்கு இல்லை. இளைஞர் பலரோ வெளிநாடு சென்றுவிட்டனர். பல கொல்லைகளில் இப்போது அக்கம்பக்கத்துக் கன்னடக் கூலியாட்களே இறங்கி வேலை செய்கின்றனர்.