வானில் எழுதிய தேர்வுக்கு மறுஆய்வு உண்டா?

பாயான் பாருவில் வளர்ந்தவர்களுக்கு விமானம் ஒன்றும் புதுமையன்று. பாயான் லெப்பாஸில் இறங்கும் விமானங்களின் இரைச்சலுக்கு நடுவில்தான் நாங்கள் வாய்ப்பாடு மனனம் செய்தோம். அந்த இரைச்சல் என் மாமா மகனை இங்கிலாந்துவரை இழுத்துச் சென்றுவிட்டது. மாமா வீட்டை அடகு வைத்து அனுப்பினார். அண்ணனோ சென்ற மாதம் தனியார் விமானி உரிமத்துக்கான செயல்முறைத் தேர்வில் தோல்வி. "அநியாயம்" என்றார் தொலைபேசியில். எஸ்.பி.எம். முடிவில் ஐயமிருந்தால் மறுஆய்வுக்கு விண்ணப்பிக்கிறோமே, இதற்கும் அப்படி வழி இல்லையா என்று அத்தை என்னைக் கேட்டார். தேடிப் படித்ததை இங்கே பகிர்கிறேன். விமானத் துறையை நாடும் தம்பி தங்கைகள் நம் கழகத்திலும் இருக்கிறார்கள் அல்லவா?

வழி உண்டு, ஆனால் குறுகியது. பிரிட்டனின் 1991ஆம் ஆண்டு வான்போக்குவரத்து ஆணைய விதிமுறைகளில் 6ஆம் விதிப்படி, தோல்வி தெரிவிக்கப்பட்ட 14 நாள்களுக்குள் ஆணையத்திடம் முறையிடலாம். கேட்கக்கூடியது ஒன்றே ஒன்றுதான்: தேர்வு முறையாக நடத்தப்பட்டதா? "நான் நன்றாகத்தான் ஓட்டினேன்" என்ற வாதம் அங்கே எடுபடாது.

காரணம் எளிது. எஸ்.பி.எம். விடைத்தாளை இன்னோர் ஆசிரியர் எடுத்துத் திருத்தலாம். தரையிறங்கிய விமானத்தை மறுபடி வானில் ஏற்றித் திருத்த முடியுமா? விமானி அறையில் இருந்தவர்களே இருவர்தாம். உயரத்தில் 150 அடி, திசையில் 10 பாகைவரை விலகலாம் என்பது பொதுவான அளவு. தேர்வதிகாரி 200 அடி என்பார். மாணவர் காற்று தூக்கியது என்பார். ஒரு செயலை மறுமுறை செய்துகாட்ட ஒரு வாய்ப்புத் தரலாம், ஆனால் அதுவும் அதிகாரியின் விருப்பம்.

விதியை மீறினால்தான் பிடி கிடைக்கும். ஒற்றை இயந்திர விமானத் தேர்வுக்கு ஐந்து பகுதிகள். ஒன்றில் மட்டும் தோற்றால் அதை மட்டும் திரும்பச் செய்தால் போதும். பாதுகாப்புக்குத் தேவைப்பட்டாலன்றி அதிகாரி விமானத்தை இயக்குவதில் தலையிடக்கூடாது. அண்ணன் சிக்கியது வேறோர் இடத்தில். மேகம் தாழ்ந்ததால் தேர்வைப் பாதியில் நிறுத்தித் திரும்பினார். தக்க காரணம் என்று அதிகாரி கருதினால், செய்யாத பகுதிகள் மட்டுமே மிச்சம். போதாத காரணம் என்றால் முழுத் தேர்வும் மீண்டும். அதிகாரி போதாது என்றார். இதைத் தீர்ப்பு என்பதா, நடத்திய முறை என்பதா? என் கணிப்பில் இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. ஆனால் அண்ணனிடம் பலருக்கும் இல்லாத ஒன்று இருக்கிறது: அந்த நேரத்து விமான நிலைய வானிலை அறிக்கை.

முறையீடு வென்றாலும் தோல்வி தேர்ச்சியாகாது. பழைய தேர்வு செல்லாததாகும். மீண்டும் பறக்கத்தான் வேண்டும். இதைக் கேட்டு மாமாவின் முகம் சுருங்கியது.

ஆகவே, தேர்வு முடிந்த அன்று மாலையே நேரம், உயரம், பேசிய சொற்கள் எல்லாவற்றையும் எழுதி வையுங்கள். எந்தப் பகுதியில் தோல்வி, ஏன் என்று அதிகாரியிடமே கேளுங்கள். முறையிடும் உரிமையை விளக்குவதும் அவர் கடமை. நம் நாட்டில் 2018 முதல் விமானி உரிமத்தைக் கவனிப்பது மலேசிய வான்போக்குவரத்து ஆணையம். இங்கே பயில்பவர்கள் முறையீட்டு விதியைத் தேர்வுக்கு முன்பே கேட்டு வைத்துக்கொள்ளலாம்.

அண்ணன் பதினோராம் நாள் கடிதத்தை அனுப்பினார். பதில் இன்னும் வரவில்லை.